லப்டொப்புக்குப் போர்த்திய பொன்னாடை

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "சிரிக்க வாங்கோ என்று கூப்பிட்டுவிட்டு ஏன் பல்லைக் கடிக்கிறாய்?" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. ரொறன்ரோவில் ஒரே ஒரு தமிழ் விருது விழாவுக்காவது போய் வந்தவர்களுக்கு என் கோபத்தின் முதல் பாதி சொல்லாமலே விளங்கும். மற்றப் பாதி என்மேலேயே எனக்கு உள்ள கோபம். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு நான் ஒரு பெரிய அறிவிப்பாளன். (பெரிய என்று சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.) கிழமை நாட்களில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை. சனி, ஞாயிறு வந்தால் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, புத்தக வெளியீடு, விருது விழா என்று ஏதாவது ஒரு மேடையில் நிற்பேன். ஊரடங்குக் காலத்தில் விழாக்கள் எல்லாம் சூமுக்குப் போனபோது, எங்கள் பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு இலண்டனுக்கும் பாரிசுக்கும் மட்டக்களப்புக்கும் விருது அறிவித்தவன் நான். அந்த மாதங்களில் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒருவரும் உடுப்புத் தோய்க்கவில்லை.

என் குரல் அடிவயிற்றிலிருந்து வரும். தேவையில்லாத இடத்திலும் வரும். கடையில் போய் ஒரு இறாத்தல் பாண் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவர் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற வியாதி எனக்கு இருந்தது. வாய் சர்க்கரை, கை கொக்கரை என்று எங்கள் அம்மா சொல்வா. பேச்சு இனிப்பு, கை மட்டும் உதவிக்கு நீளாது என்று அர்த்தம். என்னைப் பார்த்துத்தான் சொல்வா.

எனக்கு ஒரு அக்கா. ஜெசிந்தா என்று பெயர், எல்லோருக்கும் ஜெசி அக்கா. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறா. வியாழக்கிழமை அவவுக்கு லீவு. அந்த லீவு நாளில், ஆங்கிலம் தெரியாத வயதான தமிழ் ஆட்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு டொக்டரிடமும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போய், பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்து, மருந்தும் எடுத்துக் கொடுத்து வீட்டில் இறக்கிவிடுவா. இதைப் பதினொரு வருடமாகச் செய்கிறா. அவவின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பட்டியலில் அப்போது பதினாலு பெயர்கள். மில்லிக்கனில் ஒருவர், றிச்மண்ட் ஹில்லில் இன்னொருவர், ஸ்ரௌவ்வில்லில் மூன்று பேர் என்று ஊர் முழுவதும் சிதறிக் கிடந்தார்கள். அக்காவுக்கோ ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வீக்கம்.

"தம்பி, நீயும் ஒரு கை குடன்" என்று என்னை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறா. எனக்கும் வியாழக்கிழமை லீவுதான். "அக்கா, வியாழக்கிழமையிலை எனக்கு ரிகேர்சல்" என்று சொல்வேன். (ரிகேர்சல் என்றால், கண்ணாடிக்கு முன்னால் நின்று "அன்பார்ந்த" என்ற சொல்லைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பது.)

அந்த வருடம் எங்கள் சங்கம் சிறந்த சமூகத் தொண்டர் விருதை ஜெசி அக்காவுக்குக் கொடுப்பதாக முடிவெடுத்தது. அக்கா முதலில் வேண்டாம் என்றுவிட்டா. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் எடுத்தா.

"தம்பி, விழாவுக்கு எத்தினை பேர் வருவினம்?"

"முந்நூறு வரும். ஏன் அக்கா?"

"முந்நூறு பேரிட்டையும் கார் இருக்கு. எனக்கு வியாழக்கிழமையிலை ஓட ரெண்டு பேர் வேணும். ரெண்டே ரெண்டு பேர். நான் மேடையிலை நிண்டு கேட்டால், முந்நூறு பேருக்கு முன்னாலை மாட்டன் எண்டு சொல்லுவினமோ? வெக்கத்துக்காவது ஆரும் கை தூக்குவினம். உந்த விருது எனக்கு வேண்டாம், உவையே வைச்சிருக்கட்டும். எனக்கு ரெண்டு நிமிசம் மைக் வேணும்."

அதுதான் கணக்கு. வயதான ஆட்கள் பதினாலு பேர், சாரதிகள் இரண்டு பேர், நேரம் இரண்டு நிமிடம்.

விழாவுக்கு முதல் நாள் அக்காவின் வேலையிடத்தில் ஒருத்திக்குச் சுகமில்லாமல் போக, சனிக்கிழமை பின்னேரம் அக்கா கட்டாயம் வேலைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறரையிலிருந்து ஏழு மணி வரை சாப்பாட்டு பிறேக். "அந்த அரை மணித்தியாலத்துக்குள்ளை சூமிலை வாறன். எப்பிடியாவது ரெண்டு நிமிசம் எடுத்துத் தா, தம்பி. நீதானே அங்கை எல்லாம்" என்றா.

நீதானே அங்கை எல்லாம்! அந்த ஒரு வசனத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அக்கா, நிகழ்ச்சி நிரலே நான் எழுதுறதுதான். ஆறு முப்பத்தைஞ்சு, உங்கடை நேரம். ஒருத்தரும் அசைக்கேலாது" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம் ஒரு பிளாசாவின் பின்புறத்தில் மண்டபம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "சரியாக" என்று வேறு. சரியாக ஐந்து மணிக்கு மண்டபத்தில் இருந்தது நானும், கதிரை அடுக்குகிறவரும், சூமுக்குப் பொறுப்பான மெலனியும். மெலனி அக்காவின் மகள், இங்கே பிறந்து வளர்ந்தவள். மேடைக்குக் கீழே ஒரு மேசையில் தன் லப்டொப்பை வைத்து அதைப் பெரிய திரையோடு தொடுத்திருந்தாள். இலண்டன்காரர்கள் தங்கள் நேரத்துக்கு இரவு பத்து மணிக்கே பட்டுச் சேலையோடு திரையில் வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ரொறன்ரோக்காரர்கள் வந்து சேர ஆறு மணி. இருபது நிமிடத் தூரத்தில் வீடு உள்ளவன் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று என்னைக் கேட்கிறான்! அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

மங்கள விளக்குக்கு ஐந்து முகம். ஏற்ற அழைக்கப்பட்டவர்கள் பதின்மூன்று பேர். ஒருவரை விட்டால் ஆறு மாதத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார் என்பதால் சங்கத் தலைவர் எல்லாப் பெயரையும் எழுதித் தந்திருந்தார். ஐந்து திரியும் எரியத் தொடங்கிய பிறகு மிச்ச எட்டுப் பேரும் எரிகிற திரியையே திரும்பவும் ஏற்றினார்கள். (ஒருவர் ஊதி அணைத்துவிட்டு ஏற்றினார். என் கண்ணால் கண்டேன்.)

அதன் பிறகு தலைவர் "இரண்டு வார்த்தை" பேச எழுந்தார். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது ஆறு இருபத்தைந்து. ஆறரைக்கு அக்கா திரையில் வந்தா. வேலை உடுப்பு, நீல நிறம், அதற்கு மேலே தங்கச் சங்கிலியைப் போட்டிருந்தா. பின்னால் மைக்ரோவேவ். ஒரு வெள்ளைக்காரப் பெண் சாப்பாடு சூடாக்க வந்து, கமராவைக் கண்டு முந்நூறு பேருக்கும் கை காட்டிவிட்டுப் போனாள். அக்காவின் கையில் ஒரு கடதாசி இருந்தது.

தலைவர் சங்கத்தின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். "நேரம்" என்று ஒரு துண்டில் எழுதி அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துத் தலையாட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த பத்து வருட வரலாற்றுக்குப் போனார். முடிக்கும்போது ஆறு நாற்பத்தொன்று.

அப்போதும் பத்தொன்பது நிமிடம் இருந்தது. ஒரு மனிதன் எழுந்து, "ஜெசிந்தா அவர்கள் பேசுவார்" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். எழுந்தவன் நான்.

அறிமுக உரை ஒன்றை ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். சொந்த அக்கா, முந்நூறு பேர், நான்கு நாடு. விடுவேனா? "அன்பார்ந்த" என்று தொடங்கினேன். அவர் ஒரு மெழுகுதிரி என்றேன். அவர் ஒரு ஆலமரம் என்றேன். மெழுகுதிரியும் ஆலமரமும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் பிறந்தபோது பெய்த மழையைப் பற்றியும் சொன்னேன். அவ பிறந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன், எனக்கு எந்த மழையும் தெரியாது.

நடுவில் அக்கா, பேச்சைக் குழப்பாமல் தன் மைக்கை மூடியபடியே எழுந்து நின்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினா. இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கையசைத்துச் சொல்லுகிறா. நான் திரையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்த வாயாலே சொன்னேன்:

"இதோ பாருங்கள்! வெற்றிச் சின்னம் காட்டுகிறார் எங்கள் வீராங்கனை!"

மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் நாலு பேர் திருப்பி இரண்டு விரல் காட்டினார்கள். மெலனி மேசைக்குப் பின்னால் இருந்து, "மாமா! சீரியஸ்லி! அம்மாவைக் கதைக்க விடுங்கோ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் அவளுக்குப் புன்னகைத்துவிட்டு அடுத்த பந்திக்குப் போனேன். முடித்தபோது ஆறு நாற்பத்தெட்டு.

"இப்போது விருதாளர் உரை" என்று நான் சொல்ல வாயெடுக்க, தலைவர் ஓடி வந்து என் காதுக்குள், "பொன்னாடை போர்க்காமல் பேச விடுறதோ? முறை ஒண்டு இருக்கெல்லே?" என்றார். ஆள் நேரில் இல்லை, யாருக்குப் போர்ப்பது? அத்தான் லொறியோடு மொன்றியால் பக்கம் போயிருந்தார். மெலனியைக் கேட்டார்கள். "அம்மாவின்ரை அவார்ட், நான் ஏன் போடவேணும்? அவவைக் கதைக்க விட்டால் காணும்" என்று அவள் எழும்பவே இல்லை. பிரதம விருந்தினர் பொன்னாடையைக் கையில் ஏந்திக்கொண்டு, குழந்தைப்பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே ஒலிவாங்கியில் சொன்னேன்:

"அக்கா எங்கே இருக்கிறார்? அந்த லப்டொப்புக்குள்ளே இருக்கிறார்! லப்டொப்புக்கே போர்த்துவோம்!"

என்ன கைதட்டல்! தலைவர் என்னைக் கட்டிப் பிடித்தார். பிரதம விருந்தினர், தலைவர், அவர்களுடைய மனைவிமார், செயலாளர், பொருளாளர் என்று பத்துப் பேர் மெலனியின் மேசையைச் சுற்றி நின்றார்கள். படம் எடுக்கிறவர் "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்றார். "நோ, நோ, கமராவை மறைக்காதேங்கோ!" என்று மெலனி கத்தியது யாருக்குக் கேட்டது? பொன்னாடை லப்டொப்பின் தலையில் விழுந்தது. கமரா மூடுபட, அக்காவுக்கு அங்கே மண்டபமே இருண்டது. பெரிய திரையிலிருந்து அக்காவின் குரல், "ஹலோ? தம்பி? என்ன நடக்குது?" என்று வந்தது. தலைவர் விடவில்லை. மனிதருக்குப் போர்த்தினால் கழுத்துக்குப் பின்னால் இழுத்து ஒரு தட்டுத் தட்டிவிடுவார் அல்லவா, அந்தப் பழக்கத்தில் லப்டொப்பையும் ஒரு தட்டுத் தட்டினார். லப்டொப் வாயை மூடிக்கொண்டது. பெரிய திரை இருண்டது, அக்காவின் குரலும் நின்றது.

சூம் கூட்டத்தை நடத்தியதே அந்த லப்டொப்தான் என்பதால் இலண்டன், பாரிஸ், மட்டக்களப்பு எல்லோரும் ஒரேயடியாக வெளியே போய்விட்டார்கள். மெலனி பொன்னாடையைப் பிய்த்தெறிந்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். ஐம்பது பேர் சூமுக்கு வெளியில் காத்துக்கொண்டிருக்க, அதற்குள் அக்காவைத் தேடிப் பிடித்து உள்ளே எடுக்கும்போது ஆறு ஐம்பத்தெட்டு. கோதாரி விழுந்த அந்த இடைவெளியிலும் நான் சும்மா நின்றேனா? "தொழில்நுட்பம் என்பது..." என்று ஒரு சிறு உரை ஆற்றினேன்.

அக்கா திரையில் வந்ததும் மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அதை நிறுத்தச் சொல்லாமல், இரண்டு கையையும் உயர்த்தி இன்னும் தட்டுங்கோ என்று நான் காட்டினேன். ஒரு நிமிடம் அப்படிப் போனது. அக்கா கடதாசியை விரித்தா.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு உங்களிட்டை..."

பின்னால் எங்கோ மணி அடித்தது. கதவுக்கு வெளியிலிருந்து யாரோ அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா திரும்பிப் பார்த்தா. பிறகு கமராவைப் பார்த்தா. என்னைத்தான் பார்த்தா என்று எனக்குத் தெரியும்.

"பிறேக் முடிஞ்சுது. நான் போட்டு வாறன்."

திரையில் அவவின் பெட்டி மறைந்தது.

தலைவர் என் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்து, "பார்த்தீர்களா, என்ன ஒரு அடக்கம்! பேச்சு வேண்டாம், கடமைதான் முக்கியம் என்று போய்விட்டார்!" என்றார். மண்டபம் உருகியது. முன்வரிசையில் ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தா.

இனித்தான் நான் வெட்கப்படுகிற இடம். மற்றதெல்லாம் மடைத்தனம். ஒலிவாங்கி திரும்ப என் கைக்கு வந்தது. அக்கா என்ன கேட்க இருந்தா என்று அந்த மண்டபத்தில் மெலனிக்கும் எனக்கும்தான் தெரியும். "ஜெசி அக்காவுக்கு வியாழக்கிழமைகளில் கார் ஓட இரண்டு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?" ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். முந்நூறு பேரும் உருகி நிற்கிற நேரம். ஆனால் சொன்னால் யாராவது, "நீர் தம்பிதானே, நீர் ஏன் போகேல்லை?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு அப்போதே வந்தது. "சொல்லில் அல்ல, செயலில் வாழ்பவர்!" என்றேன். அடுத்த நொடி, "இனி சிறந்த வர்த்தகருக்கான விருது" என்றேன். கடைசியில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தா. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டா, நான் ரெண்டு விரலைக் காட்ட உனக்கு என்னெண்டு விளங்கினது?"

"வெற்றி எண்டு..."

"வெற்றியோ! உன்ரை வெற்றியிலை இடி விழ! அரை மணித்தியாலம் சோத்துப் பெட்டியைத் திறக்காமல் இருந்தனான்டா. உங்கடை விளக்கையும் பாத்தன், உன்ரை ஆலமரத்தையும் கேட்டன். பேந்து என்னைத் துணியாலை மூடியும் விட்டியள். செத்த ஆக்களைத்தான்டா அப்பிடி மூடுறது!"

என் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் குசினிக்குப் போய்விட்டாள். போகும்போது அவளுடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

"தலைவர் எவ்வளவு நேரம் எடுத்தவர் தெரியுமே, அக்கா..."

"எனக்கு அவரிலை கோபமில்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது. உனக்குத் தெரியும்." குரல் இறங்கிவிட்டது. அதுதான் என்னைச் சுட்டது.

"அடுத்த வருசம் கட்டாயம்..."

"அடுத்த வருசம் மட்டும் உந்தச் சனத்தின்ரை கிட்னி பொறுத்துக்கொண்டு இருக்குமோ?" கைப்பையிலிருந்து அந்தப் பதினாலு பெயர்ப் பட்டியலை எடுத்தா. நடுவில் மடித்து, கிழித்து, கீழ்ப் பாதியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. "வியாழக்கிழமை, காலமை ஏழரை. பிந்தினால் தெரியும்."

எனக்கு ரிகேர்சல் இருந்தது. பட்டியலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை அக்கா எனக்குப் பழக்குவதற்காக என் காரில் முன்னுக்கு ஏறினா. முதல் விலாசம் ஸ்ரௌவ்வில்லில், புதிதாகக் கட்டிய பெரிய வீடு. இரட்டைக் கராஜ், வாசலில் இரண்டு வாகனம் சும்மா நிற்கிறது. ஒரு வயதான அன்ரி கைப்பையோடும் மருந்துச் சரையோடும் வெளியே வந்து நின்றா. எனக்கு அந்த வீட்டைத் தெரியும். கூட்டத்துக்கு எத்தனை தரம் வந்திருக்கிறேன்! எங்கள் தலைவரின் வீடு. அது தலைவரின் தாய். கூட்டங்கள் பேஸ்மென்டில் நடப்பதால் அவவுக்கு என்னைத் தெரியாது.

"ஏழு வருசமாய் நான்தான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அக்கா மெல்லச் சொன்னா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மங்கள விளக்கு ஏற்றப் பதின்மூன்று பேரை ஞாபகம் வைத்திருக்கிற மனிசன்! ஏதாவது சொல்லவும் முடியாது. என் லீவு நாளும் அதே வியாழக்கிழமைதானே.

கோபத்தை அடக்க நான் வழமைபோல வாயைத் திறந்தேன். அன்ரிக்கு சீற் பெல்ட் போடச் சொன்னேன், வீதியின் நிலவரம் சொன்னேன், காலநிலை சொன்னேன். அன்ரி பின்னால் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டு, மிகவும் சந்தோசமாகச் சொன்னா:

"தம்பி, உமக்கு நல்ல குரல். என்ரை மகன் ஒரு சங்கத்துக்குத் தலைவர், அவனுக்குச் சமூக வேலை கூட. விழா அறிவிக்க உம்மைக் கூப்பிடச் சொல்லி அவனிட்டைச் சொல்லட்டோ?"

அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

"வேண்டாம் அன்ரி. உவன் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் இண்டைக்கு டொக்டரிட்டைப் போய்ச் சேரமாட்டம்."

சொல்லிவிட்டு அவவே சிரிக்கத் தொடங்கினா. விருது விழாவுக்குப் பிறகு அன்றுதான் அவ என்னோடு சிரித்தா. அன்ரிக்கு ஒன்றும் விளங்காமலே அவவும் சேர்ந்து சிரித்தா. இப்போது எங்கள் வீட்டில் பிறந்தநாள், பிள்ளைகளின் முதல் நன்மை, எந்தக் கொண்டாட்டத்திலும் நான் தொண்டையைச் செருமினால் போதும், மெலனி எழும்பி, "டொக்டரிட்டைப் போய்ச் சேரமாட்டம்!" என்று கத்துவாள். வீடே சேர்ந்து கத்தும். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிடுவேன்.

மேடைகளை விட்டுவிட்டேன். வியாழக்கிழமைகளை விடவில்லை. ஆனால் அக்கா கேட்டது இரண்டு பேர். கிடைத்தது இன்றுவரை நான் ஒருவன்தான், பட்டியலோ பத்தொன்பது பெயராகிவிட்டது. எனவே அன்றைக்குச் சொல்லாததை இங்கே, ஒரு ஆலமரமும் இல்லாமல் சொல்கிறேன். அறிவித்தல்: வியாழக்கிழமை காலை ஏழரைக்கு இன்னும் ஒரு ஆளும் ஒரு காரும் வேண்டும்.